தரநிலை ஆவணம்: காசு கொடுத்து வாங்குவதா, இலவச வழியைத் தேடுவதா?

பினாங்கில் தொழில் செய்யும் நம் ஆட்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு உருவில் வந்துகொண்டே இருக்கிறது. பிறையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், "அண்ணே, பெரிய கம்பெனில தர மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 9001 கேக்குறாங்க. யார்கிட்டயாவது பிடிஎஃப் இருந்தா அனுப்பச் சொல்லுங்க" என்கிறார். நிபோங் தெபாலில் கட்டுமானப் பொறியியல் படிக்கும் மாணவிக்கு இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஐரோப்பியக் கட்டட வடிவமைப்புத் தரநிலையான யூரோகோட் வேண்டும். பட்டர்வொர்த்தில் ஒரு வயர்மேனுக்கு வயரிங் பற்றிய மலேசியத் தரநிலையான எம்எஸ் ஐஇசி 60364 வேண்டும். பாயான் லெப்பாஸில் மென்பொருள் எழுதும் தம்பிக்குத் தேதி, நேரம் எழுதும் முறை பற்றிய ஐஎஸ்ஓ 8601 வேண்டும். நால்வருக்கும் தயக்கம் ஒன்றுதான்: சில பத்துப் பக்க ஆவணத்துக்கு இவ்வளவு காசா, வேறு வழியே இல்லையா?

வழி இருக்கிறது, அதுவும் பலவாக. ஆனால் ஒருவருக்குப் பொருந்தும் வழி இன்னொருவருக்குப் பொருந்தாது. வயர்மேனுக்கு இலவச ஆவணமே போதுமாக இருக்கலாம். பட்டறைக்காரர் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கலாம். அதனால் எதை வைத்து முடிவெடுப்பது என்பதை முதலில் பேசிவிடுவோம்.

எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி விலை அல்ல. அந்தத் தரநிலையை உங்களிடம் யார் கேட்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. சட்டம் கேட்கிறதா, வாடிக்கையாளர் கேட்கிறாரா, அல்லது கற்றுக்கொள்வதற்காக நீங்களே தேடுகிறீர்களா? சட்டம் கேட்டால், அந்தச் சட்டம் சொல்லும் அதே எண், அதே பதிப்பு வேண்டும். வாடிக்கையாளரோ சான்றிதழ் நிறுவனமோ கேட்டால், ஆடிட்டர் முன்னால் வைக்கத்தக்க முறையான பிரதி வேண்டும். கற்றுக்கொள்ள மட்டும் என்றால் கதவுகள் நிறையத் திறந்திருக்கின்றன.

இரண்டாவது, பதிப்பு. உலகத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ தன் தரநிலைகளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்கிறது. இடையிலே திருத்தங்களும் வரும். ஐஎஸ்ஓ 9001:2015-க்கு 2024 பிப்ரவரியில் வந்த முதல் திருத்தம், பருவநிலை மாற்றம் தம் நிறுவனத்துக்குப் பொருட்படுத்த வேண்டிய ஒன்றா என்பதை ஒவ்வொரு நிறுவனமும் முடிவு செய்ய வேண்டும் என்று 4.1-ஆம் பிரிவில் சேர்த்தது. ஒரே ஒரு வரிதான். ஆனால் ஆடிட்டர் அதைக் கேட்பார்.

மூன்றாவது, கையில் கிடைத்த ஆவணத்தை என்ன செய்யலாம் என்பது. அச்சடிக்கலாமா, பட்டறையில் உள்ள மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா, தமிழில் மொழிபெயர்க்கலாமா? "இலவசம்" என்று எழுதியிருப்பதாலேயே இவையெல்லாம் அனுமதி என்று ஆகிவிடாது.

நான்காவது, மலேசியாவுக்கே உரிய இணைப்பு இருக்கிறதா என்பது. ஐந்தாவது, ஒரு ஆவணம் இன்னும் எத்தனை ஆவணங்களை இழுத்துக்கொண்டு வருகிறது என்பது. இந்த ஐந்தாவதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. கை கடிப்பதும் அங்கேதான்.

ஜெனிவாவிலிருந்து நேராக வாங்குவது

1947 முதல் இயங்கும் ஐஎஸ்ஓவுக்கும், மின்துறைத் தரநிலைகளுக்காக 1906-இல் தொடங்கிய ஐஇசிக்கும் தலைமையகம் ஜெனிவா. இரண்டும் தங்கள் இணையக் கடையில் சுவிஸ் பிராங்க் கணக்கில் விற்கின்றன. பெயர்பெற்ற தரநிலைகளில் பலவும் நூறு பிராங்கைத் தாண்டுகின்றன. ஒரு பிராங்குக்கு ஐந்து ரிங்கிட் என்று தோராயமாக வைத்தாலும் ஐந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் போகிறது. சிறு பட்டறைக்கு அது சாதாரணத் தொகை இல்லை.

பணம் கட்டியவுடன் ஆவணம் வந்துவிடும், புதிய பதிப்பாகவும் இருக்கும், கேள்வி கேட்க ஆளில்லை. ஆனால் ஒருவர் பெயருக்கே உரிமம். பக்கந்தோறும் வாங்கியவர் பெயர் பதிந்திருக்கும். அலுவலகச் சர்வரில் எல்லோரும் திறந்து பார்க்கும்படி போட வேண்டுமானால் தனி உரிமம் வாங்க வேண்டும்.

இழுத்துக்கொண்டு வரும் செலவுக்கு ஐஎஸ்ஓ 9001-ஐயே எடுத்துக்கொள்ளலாம். அதன் இரண்டாம் பிரிவு ஐஎஸ்ஓ 9000-ஐக் கட்டாய மேற்கோளாகச் சொல்கிறது. சொற்களின் வரையறை எல்லாம் அதில்தான். இதைப் பார்த்துவிட்டு அதையும் சேர்த்து வாங்கியவர்கள் உண்டு. தேவையே இல்லை. ஐஎஸ்ஓ தன் இணைய உலாவு தளத்தில் ஒவ்வொரு தரநிலையின் நோக்கப் பகுதியையும் சொல் வரையறைகளையும் இலவசமாகவே வைத்திருக்கிறது. வாங்கும் முன் யாரும் அங்கே போய்ப் பார்த்துவிட வேண்டும். "இது எனக்கான ஆவணம்தானா" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

மலேசியப் பதிப்பு இல்லாத தரநிலை, அவசரத் தேவை, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஐஎஸ்ஓ எண்ணையே எழுதிக் கேட்கும் நிலை: இந்த மூன்றில்தான் ஜெனிவா வழி சரி.

எம்எஸ் பதிப்பை வாங்குவது

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போவோம். தரநிலை என்றாலே நம் ஊரில் சிரிம் என்றுதான் சொல்கிறோம். ஷா ஆலாமில் உள்ள சிரிம் சோதனை செய்கிறது, சான்று தருகிறது, ஸ்டிக்கர் கொடுக்கிறது. ஆனால் 1996-ஆம் ஆண்டின் 549-ஆம் சட்டப்படி தேசியத் தரநிலை அமைப்பு என்பது ஜாபாத்தான் ஸ்டாண்டர்ட் மலேசியா, சுருக்கமாக ஜேஎஸ்எம். எம்எஸ் என்று தொடங்கும் ஆவணங்கள் அதன் இணையக் கடையில் கிடைக்கின்றன.

எம்எஸ் எண்களில் இரண்டு வகை உண்டு. எம்எஸ் 1500 போல இங்கேயே எழுதப்பட்டவை ஒரு வகை. அது ஹலால் உணவுக்கான தரநிலை, 2019-இல் புதுப்பிக்கப்பட்டது. எம்எஸ் ஐஎஸ்ஓ 9001 போல வெளியிலிருந்து அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டவை இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைதான் பணம் மிச்சம் பிடிக்கும் இடம். உள்ளே இருப்பது ஐஎஸ்ஓவின் அதே வாசகம். முன்னால் மலேசிய முன்னுரை சேர்ந்திருக்கும். விலை ரிங்கிட்டில், பல வேளைகளில் ஜெனிவா விலையைவிடக் கணிசமாகக் குறைவு. ஆடிட்டர் அதை மறுக்க முடியாது. பிறைப் பட்டறைக்காரருக்கு என் பதில் இதுதான்: எம்எஸ் ஐஎஸ்ஓ 9001-ஐ வாங்குங்கள், 2024 திருத்தத்தையும் சேர்த்து எடுங்கள், சொல் வரையறைகளை இலவசத் தளத்தில் பாருங்கள். வேறெதுவும் வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. ஐஎஸ்ஓ புதுப் பதிப்பு வெளியிட்ட நாளுக்கும் எம்எஸ் அதை ஏற்கும் நாளுக்கும் இடைவெளி விழலாம். ஜெனிவாவில் உள்ள எல்லாமும் எம்எஸ்ஸாக மாறியும் இல்லை. அப்புறம், பகுதி பகுதியாக விற்கும் தரநிலைகளில் மொத்தச் செலவு ஏறிவிடும். எம்எஸ் ஐஇசி 60364 அப்படித்தான். மின்அதிர்ச்சிப் பாதுகாப்பு ஒரு பகுதி, கேபிள் அமைப்பு வேறு பகுதி, முடித்தபின் சோதிப்பது இன்னொரு பகுதி. வயர்மேன் ஒருவர் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினால் ஒரு வீட்டு வயரிங்கில் கிடைக்கும் கூலி அதற்கே போய்விடும். அவருக்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எஸ்டோனியா வழி

ஐரோப்பியத் தரநிலைகளை, அங்குள்ள தரநிலை அமைப்பில் உறுப்பாக உள்ள ஒவ்வொரு நாடும் ஏற்று, தன் முன்னுரையோடு வெளியிட வேண்டும் என்பது அங்கே விதி. விலையை அந்தந்த நாடு வைத்துக்கொள்ளலாம். எஸ்டோனியாவின் தரநிலை மையம் ஆங்கில வாசகத்தையே மலிவாக விற்கிறது. இது பொறியாளர்களிடையே வெகு நாளாகத் தெரிந்த விஷயம், முழுக்கச் சட்டப்படியானதும்கூட. மருத்துவக் கருவி, இயந்திரப் பாதுகாப்பு என்று ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் பாயான் லெப்பாஸ் நிறுவனத்துக்கு இது நல்ல வழி.

கட்டடம் கட்டுபவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். யூரோகோட் தனியாக நிற்பதில்லை. நாட்டுக்கு நாடு தேசிய இணைப்பு ஒன்று உண்டு. 2015 ஜூனில் சபாவின் ரானாவில் நிலநடுக்கம் வந்து உயிர்கள் போன பிறகு, இங்கே நிலநடுக்க வடிவமைப்பை யாரும் அலட்சியமாகப் பேசவில்லை. நிலநடுக்கத்துக்கான யூரோகோட்டான எம்எஸ் இஎன் 1998-க்கு (1998 என்பது எண், ஆண்டு அல்ல) மலேசிய தேசிய இணைப்பு 2017-இல் வந்தது. எந்தப் பகுதியில் எவ்வளவு அதிர்வுக்கு வடிவமைக்க வேண்டும் என்ற வரைபடம் அதில்தான் இருக்கிறது. எஸ்டோனியப் பிரதி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ரானாவுக்கான எண் அதில் இருக்காது. கணக்கு முறையைப் படிக்க அது போதும். இங்கே ஒரு வரைபடத்தில் கையெழுத்துப் போட அது போதாது.

முறையாகவே இலவசமாகக் கிடைப்பவை

இந்தப் பகுதியில்தான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன். காசு கொடுத்தவர்களில் பலர் இங்கே ஒருமுறை எட்டிப்பார்த்திருந்தால் கொடுத்தே இருக்க வேண்டாம்.

தொலைத்தொடர்பிலிருந்து தொடங்கலாம். ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் தரநிலைகள் ஒரு காலத்தில் விலை உயர்ந்த அச்சுப் புத்தகங்கள். 1988-ஆம் ஆண்டின் தொகுப்பை ப்ளூ புக் என்பார்கள். 1991-இல் அமெரிக்கரான கார்ல் மாலமுட் ஐடியு தலைமையின் ஒப்புதலோடு அதை இணையத்தில் ஏற்றினார். உலகமெங்கும் உள்ள பொறியாளர்கள் எடுத்துப் படித்தார்கள். சில மாதங்களிலேயே ஐடியு அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விற்பனை வருமானத்தை விட மனமில்லை. பிறகு 2007-இல் அதே ஐடியு, சோதனையாகத் தன் தொலைத்தொடர்புப் பரிந்துரைகளைத் திறந்துவிட்டு, அப்புறம் நிரந்தரமாகவே இலவசமாக்கியது. அமைப்பு கவிழ்ந்துவிடவில்லை, இன்றும் நடக்கிறது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் ஏழை நாடுகளின் எத்தனை பொறியாளர்கள் அந்தப் பக்கங்கள் இல்லாமல் வேலை பார்த்திருப்பார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இதிலிருந்து இன்றைக்கும் பயன்படும் ஒரு வழி கிடைக்கிறது. ஐடியுவும் ஐஎஸ்ஓவும் சேர்ந்து எழுதிய ஆவணங்களுக்கு இரண்டு எண்கள் உண்டு. படங்களுக்கான ஜேபெக் தரநிலை ஐஎஸ்ஓ/ஐஇசி 10918-1 என்ற எண்ணில் விற்பனைக்கு இருக்கிறது. அதே வாசகம் ஐடியுவில் டி.81 என்ற எண்ணில் இலவசம். கணினி, தொலைத்தொடர்பு சார்ந்த ஐஎஸ்ஓ எண் எதுவாக இருந்தாலும் வாங்கும் முன் அதற்கு ஐடியு இரட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

மென்பொருள் தம்பிக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளிது. இணையத்தின் அடிப்படை விதிகளான ஆர்எஃப்சி ஆவணங்கள் 1969-இல் முதல் எண் வெளிவந்த நாளிலிருந்து எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. தேதி, நேரம் எழுதும் முறைக்கு ஐஎஸ்ஓ 8601 தேடினார் அல்லவா? இணைய மென்பொருளுக்கு வேண்டிய பகுதியைச் சுருக்கி 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3339 இலவசம். அவர் வேலைக்கு அது தாராளமாகப் போதும். சி மொழித் தரநிலையின் 2011 பதிப்புக்கு ஏறக்குறைய அதே வாசகம் கொண்ட என்1570 (N1570) என்ற இலவச வரைவைத்தான் உலகமே படிக்கிறது. செல்பேசி வலையமைப்புக்கான 3ஜிபிபி ஆவணங்கள் இலவசம். ஈதர்நெட், வைஃபை அடங்கிய ஐட்ரிபிள்ஈ 802 வரிசை வெளிவந்து சில மாதங்களில் இலவசமாகிவிடும். பிடிஎஃப் கோப்புக்கான ஐஎஸ்ஓ 32000-2-ஐ 2023 முதல் யாரும் காசில்லாமல் எடுக்கலாம். அடோபி உள்ளிட்ட சில நிறுவனங்கள் செலவை ஏற்றதால் அது முடிந்தது. தமிழில் நாம் தட்டச்சு செய்வதும் இப்படித் திறந்து கிடக்கும் ஒரு தரநிலையின் மேல்தான். யூனிகோடின் முழு வாசகமும் இலவசம். கோலாலம்பூரில் வளர்ந்த முரசு அஞ்சல் போன்ற செயலிகளும் அதையே பின்பற்றுகின்றன.

கணினிக்கு வெளியேயும் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் முறுக்கும் மசாலாத் தூளும் செய்து விற்பவருக்கு உணவுப் பாதுகாப்பு முறை வேண்டுமானால், ஐஎஸ்ஓ 22000-ஐத் தேடும் முன் சர்வதேச உணவுத் தரநிலை அமைப்பான கோடெக்ஸ் வெளியிடும் உணவுச் சுகாதாரப் பொதுக் கோட்பாடுகளைப் படிக்கட்டும். உணவில் வரக்கூடிய அபாயங்களை முன்கூட்டியே கண்டு தடுக்கும் ஹசாப் முறையும் அதில் இருக்கிறது, 2020-இல் திருத்தப்பட்டது, இலவசம். சான்றிதழ் வேண்டும் என்ற நிலை வரும்போது எம்எஸ் 1480-க்கோ ஐஎஸ்ஓ 22000-க்கோ போகலாம். அப்போதும் முன்பு படித்தது வீணாகாது.

வயர்மேனுக்கு வருகிறேன். 1994-ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைகள் அரசுச் சட்டம்; யாரும் படிக்கலாம். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி எத்தனை மில்லி ஆம்பியரில் விழ வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது: ஈரம் படியும் இடத்துக்கு 10, கையில் பிடித்து வேலை செய்யும் கருவிக்கு 30, மற்றவற்றுக்கு 100. வீட்டு வயரிங் பற்றி எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா வெளியிட்ட வழிகாட்டி 60364-ஐ ஒட்டியே எழுதப்பட்டது, படங்களோடு, இலவசமாக. வீடுகளில் மட்டும் வேலை செய்பவருக்கு இந்த இரண்டுமே கைக்குப் போதும். தொழிற்சாலைப் பக்கம் போகும்போது வேண்டிய பகுதியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அதேபோல, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷின் தொழில் நடைமுறைக் கோவைகளும் இலவசம். மேன்ஹோலிலோ டாங்கிலோ ஆளை இறக்கும் குத்தகையாளர் யாரானாலும் குறுகிய இடங்களில் வேலை செய்வது பற்றிய 2010 கோவையை அச்சடித்துச் சுவரில் ஒட்ட வேண்டும். அதில் உயிர் இருக்கிறது.

சரி, இலவசத்தின் மறைமுக விலை என்ன? ஒன்று, அது மாற்று ஆவணமாக இருந்தால் சான்றிதழுக்கு உதவாது. அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிடும் தகவல் பாதுகாப்பு ஆவணங்கள் அருமையானவை, 2024-இல் புதுப்பிக்கப்பட்ட கட்டமைப்பு உள்பட. ஆனால் வாடிக்கையாளர் ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் கேட்டால் நிஸ்டைக் காட்டித் தப்ப முடியாது. இன்னொன்று, இலவசமாகப் படிக்கலாம் என்பதும் எடுத்து வெளியிடலாம் என்பதும் வேறு வேறு. ஐடியு ஆவணத்தைப் பதிவிறக்கலாம்; அதை மறுபடி அச்சிட்டு விற்க முடியாது. ஆர்எஃப்சியைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட அதன் விதிகளே இடம் கொடுக்கின்றன. இணையத் தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்லும் டபிள்யூ3சி ஆவணங்களுக்கும் மொழிபெயர்ப்பு அனுமதி உண்டு. நம் பிள்ளைகளுக்குத் தமிழில் தொழில்நுட்பம் எழுத நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

நூலகமும் திரையில் மட்டும் படிப்பதும்

மாணவர்களுக்கு இதுதான் முதல் வழி. பல்கலைக்கழக நூலகங்கள் தரநிலைத் தொகுப்புகளுக்குச் சந்தா கட்டுவது வழக்கம். நூலகரிடம் எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதும், கூச்சப்பட ஒன்றுமில்லை. நிபோங் தெபால் மாணவி யூரோகோட்டுக்காக ஒரு காசும் செலவழிக்கக் கூடாது. ஆனால் அந்தச் சந்தா படிப்புக்கு மட்டும். படித்து முடித்து வேலைக்குப் போனபின் பழைய கணக்கு வழியாக எடுத்து அலுவலகத்தில் பயன்படுத்துவது உரிம மீறல்.

சில அமைப்புகள் திரையில் மட்டும் படிக்க விடுகின்றன. அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏ பதிவு செய்துகொண்டால் தன் தரநிலைகளைக் காட்டுகிறது. கோவிட் காலத்தில் ஐஎஸ்ஓவும் தொழில் தொடர்ச்சிக்கான 22301, இடர் மேலாண்மைக்கான 31000 உள்ளிட்ட சிலவற்றை அப்படித் திறந்தது. படிக்கலாம், அச்சடிக்க முடியாது, தேடுவதும் சிரமம். ஒரு விதியைச் சரிபார்க்க இது உதவும். தினமும் கையில் வைத்து வேலை செய்ய உதவாது.

வாட்ஸ்அப்பில் வரும் பிரதி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி அது மீறல். அதைவிட உடனடியான ஆபத்து, எந்தப் பதிப்பு என்றே தெரியாமல் வேலை செய்வது. 2008-இன் 9001-ஐ வைத்துக்கொண்டு தர ஆவணங்கள் தயாரித்தவர் முதலிலிருந்து மறுபடி எழுத வேண்டிவரும். வேறொரு கம்பெனியின் பெயர் பதிந்த பிரதியை ஆடிட்டர் மேசையில் வைத்தால் அங்கேயே கேள்வி எழும். மிச்சம் பிடித்த சில நூறு ரிங்கிட்டைவிட இழப்பு பெரிது. மக்கள் இந்த வழிக்குப் போவது பேராசையால் அல்ல, வேறு வழி தெரியாததால். அதனால்தான் மேலே இவ்வளவும் எழுதினேன்.

ஒரு பார்வையில்

| வழி | செலவு | பதிப்பு | ஆடிட், டெண்டருக்கு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஜெனிவா | மிக அதிகம் | உடனடிப் புதியது | ஏற்பார்கள் | எம்எஸ் இல்லாத தரநிலை தேடுபவர் |
| எம்எஸ் | நடுத்தரம் | சற்றுத் தாமதம் ஆகலாம் | ஏற்பார்கள் | உள்ளூர் பட்டறை, உணவுத் தொழில் |
| எஸ்டோனியா | குறைவு | புதியது | ஐரோப்பிய ஏற்றுமதிக்குச் சரி. தேசிய இணைப்பு இராது | ஏற்றுமதியாளர் |
| முறையான இலவசம் | இல்லை | புதியது | ஆவணத்தைப் பொறுத்தது | மென்பொருள், தொலைத்தொடர்பு, வீட்டு வயரிங் |
| நூலகம் | இல்லை | சந்தாவைப் பொறுத்தது | கூடாது | மாணவர் |
| வாட்ஸ்அப் | இல்லை | நிச்சயமில்லை | கூடாது | யாருக்கும் இல்லை |

சட்டமே கேட்டால் யார் காசு கொடுப்பது?

இதுவரை சொன்னது இருக்கிற நிலைமையில் தேர்ந்தெடுப்பது பற்றி. ஆனால் இந்த நிலைமையை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை.

தரநிலையை விற்பவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. குழுவில் உட்கார்ந்து எழுதும் வல்லுநர்களுக்கு ஐஎஸ்ஓ சம்பளம் தருவதில்லை என்றாலும், அந்த வேலையை ஒருங்கிணைக்கும் அலுவலகத்துக்குச் செலவு இருக்கிறது. உறுப்பினர் கட்டணத்தோடு விற்பனையும் சேர்ந்துதான் அதைத் தாங்குகிறது. இலவசமாகக் கொடுப்பவர்களுக்கும் யாரோ ஒருவர் பணம் கட்டத்தான் செய்கிறார். ஐரோப்பியத் தொலைத்தொடர்பு அமைப்பான எட்சிக்கு உறுப்பினர் கட்டணம் இருக்கிறது. ஆர்எஃப்சிகளுக்குப் பின்னால் டாட் ஆர்க் பெயர்ப் பதிவிலிருந்து வரும் வருமானம் இருக்கிறது. ஆக, எல்லாத் தரநிலையும் நாளையே இலவசமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாடிக்கையாளர் மட்டும் கேட்கும் தரநிலைக்கு விலை இருக்கலாம். தாங்கும் விலையாக இருந்தால் போதும்.

சட்டம் கட்டாயப்படுத்தும் தரநிலை வேறு. அதை மீறினால் அபராதம் என்னும்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று காசு கொடுக்காமல் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகும் ஒவ்வொருவர் தலையிலும் எம்எஸ் 1 என்ற தரநிலை உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆவணம் விற்பனைப் பொருள். ஐநாவின் ஹெல்மெட் விதியான ஆர்22 முழுவதும் இலவசம். அதை வெளியிடும், வாகன விதிகளுக்கான 1958 உடன்படிக்கையில் மலேசியா 2006-லேயே சேர்ந்துவிட்டது.

உலகில் இதற்கு மூன்று விடைகள் நடப்பில் உள்ளன. அமெரிக்காவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2023 செப்டம்பரில், சட்டத்தில் சேர்க்கப்பட்ட தரநிலைகளை லாப நோக்கமின்றி இணையத்தில் வெளியிடுவது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. வழக்கு தொடுக்கப்பட்டது, மேலே சொன்ன மாலமுட்டின் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பின் மேல்தான். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 மார்ச் 5-இல், விளையாட்டுப் பொருள் பாதுகாப்பு தொடர்பான தரநிலைகள் ஒன்றியச் சட்டத்தின் பகுதி என்பதால் மக்கள் அவற்றைப் பார்க்க மேலான பொதுநலன் இருக்கிறது என்றது. இந்தியா இன்னொரு பாதையில் வெகுதூரம் போய்விட்டது: அந்நாட்டுத் தரநிலை அமைப்பான பிஐஎஸ் தன் சொந்தத் தரநிலைகளைப் பதிவு செய்துகொள்ளும் யாருக்கும் இலவசமாகப் பதிவிறக்கத் தருகிறது. கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456-ஐச் சென்னை மாணவர் காசில்லாமல் எடுக்கிறார்.

இவற்றில் மலேசியாவுக்குப் பொருந்துவது எது? அமெரிக்க வழி நீண்ட வழக்குகளைக் கேட்கும். நம் சிறு அமைப்புகளால் தாங்க முடியாது. ஐஎஸ்ஓ, ஐஇசியிடமிருந்து ஏற்ற ஆவணங்களை இந்திய முறையில் திறக்க அவர்கள் சம்மதம் வேண்டும். அது எளிதில் கிடைக்காது. ஆனால் இங்கேயே எழுதப்பட்ட எம்எஸ் ஆவணங்களுக்கு யார் சம்மதமும் வேண்டாம். அது நம் கையில்தான். நம் பதிப்புரிமைச் சட்டமே, அரசின் சட்ட ஒழுங்குமுறை வாசகங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் பதிப்புரிமைக்கு வெளியே வைத்திருக்கிறது. அந்த எண்ணத்தை இன்னும் ஓர் அடி நீட்டி, சட்டமோ துணைவிதியோ பெயர் சொல்லிக் கேட்கும் உள்ளூர்த் தரநிலைகளைத் திறந்துவிடலாம். கட்டடங்களுக்கான துணைவிதிகளான யூபிபிஎல்லின் 34ஏ கேட்கும் எம்எஸ் 1184 அப்படிப்பட்டது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் எவ்வளவு சரிவாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதைச் சரிபார்க்க விரும்பும் மாற்றுத்திறனாளியிடம் காசு கேட்பது சரியில்லை. ஹலால் சான்றுக்காக எம்எஸ் 1500-ஐப் பின்பற்ற வேண்டிய நாசி கண்டார் கடைக்காரருக்கும் இது பொருந்தும்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உலக வணிக அமைப்பின் நன்னடத்தை விதிப்படி, ஒரு தரநிலையை ஏற்கும் முன் குறைந்தது 60 நாள் கருத்துக் கேட்க வேண்டும். ஜேஎஸ்எம்மும் வரைவு எம்எஸ்களைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கிறது. உங்கள் தொழிலைத் தொடும் வரைவு வந்தால் அந்த நாள்களுக்குள் எடுத்துப் படியுங்கள். ஆவணத்தின் வாசகம் முழுவதையும் செலவில்லாமல் பார்க்கும் வாய்ப்பும் அதுவே. தொழில்நுட்பக் கருத்தோடு இன்னொரு வரியும் எழுதுங்கள்: இந்தத் தரநிலையைச் சட்டம் மேற்கோள் காட்டப்போகிறது என்றால், வெளிவரும் நாளிலிருந்து இலவசமாகப் படிக்கக் கிடைக்க வேண்டும். தனியாளாக எழுதுவதைவிட வயர்மேன் சங்கம், உணவகச் சங்கம், குத்தகையாளர் சங்கம் என்று சங்கத்தின் பெயரில் எழுதினால் கூடுதல் எடை இருக்கும்.